கனடா எட்மண்டனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போட்ட பார்சல் நல்லபடியா வந்து சேந்துச்சு. கருப்பட்டி ஒண்ணுகூட உடையல. உள்ள இருந்த உன் கடிதத்தைத்தான் முதல்ல எடுத்தேன். போன்ல பேசினா அம்மை பக்கத்துலயே நிப்பா, பாதி விஷயத்தை முழுங்க வேண்டியிருக்குன்னு எழுதியிருந்த. எனக்கும் அப்படித்தான். அதனால நானும் எழுதியே சொல்லுதேன்.

இங்க குளிர் மைனஸ் 30ஐத் தொட்டுட்டு. வெளியில மூச்சு விட்டா மீசையில பனி பிடிக்கு. வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுது, ஒத்தச் சட்டை போதும். அம்மைகிட்ட இதை மட்டும் சொல்லு. சாப்பாட்டுக்கும் குறை இல்ல. டப்பாத் தேங்காப்பால் வாங்கிச் சொதி வச்சேன், தொட்டுக்க இஞ்சிப் பச்சடி. முருங்கைக்காய் உறைய வச்ச பாக்கெட்டுல கிடைக்கு. திசையன்விளைச் சந்தைக் காய்க்கு இருக்கிற சதை இதுல கிடையாது. வேலை அதே குடோன்தான். பண்டிகைக் கூட்டம் முடிஞ்சதால ஷிப்ட் கொஞ்சம் குறைவு, உடம்புக்கு ஓய்வு கிடைக்கு.

நான் அனுப்பின போட்டோவுல நீல வெளிச்சத்துல பூப்பூவா நிக்குதே, அது என்ன செடின்னு கேட்டிருந்தல்லா. செடி இல்லக்கா, உயிரு. பவளம்.

தொட்டி என்னுது இல்ல, கீழ் வீட்டுப் பெரியவருது. ரயில்வேயில இருந்து ஓய்வு பெற்ற மனுசன், யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேச மாட்டாரு. மாடியில யாராவது காலை ஓங்கி வச்சா தொடப்பக் கம்பால மேற்கூரையை இடிப்பாரு. ராத்திரி தொட்டி விளக்கு அணைஞ்ச பிறகு அவர் வீட்டுல சத்தமே கூடாது, டிவிகூட ஓடாது. அப்படிப்பட்டவரு ஒருநாள் என் கதவைத் தட்டி, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை நீட்டி, “இது நீலமா, மஞ்சளா, பாத்துச் சொல்லு”ன்னாரு. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷனுக்கு முறை வரக் காத்திருக்காரு. தண்ணியைச் சோதிக்க மருந்துச் சொட்டு விட்டு நிறம் மாறுதான்னு பாக்கணும், அதுக்குக் கண்ணு வேணும். அன்னையில இருந்து அந்தத் தொட்டிக்கு நான்தான் கண்ணு.

நான் போனப்ப தொட்டி பாக்கச் சகிக்கல. லெதர் கோரல்னு ஒண்ணு, பெரிய காளான் மாதிரி விரிஞ்சு மேலெல்லாம் பூமுடி ஆட நிக்கணும். அது சுருங்கி, மெழுகு பூசினாப்ல கிடந்துச்சு. பக்கத்துல ஜோவான்னு சின்னச் சின்ன வட்டப் பூக்கள், பாதி மூடிக்கிட்டு. செனியாங்கிறது விரலை விரிச்சு மூடி விரிச்சு மூடி துடிக்கிற சாதி. அது துவண்டு போச்சு. பெரியவர் அயோடின் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு, ஊத்தவான்னு கேக்காரு. என்ன நோய்னு தெரியாம மருந்து ஊத்தாதீங்க, முதல்ல தண்ணியைப் பாப்போம்னு சொன்னேன். எனக்கு அதைச் சொல்ல எங்கிருந்து தைரியம் வந்துச்சுன்னா, நம்ம அப்பாகிட்ட இருந்துதான். முருங்கை வாடினா உரத்தைத் தேட மாட்டாவ. கிணத்துத் தண்ணியை நாக்குல வச்சு, உப்பு ஏறிட்டான்னு பாப்பாவல்லா.

இங்கயும் உப்புதான் ஏறியிருந்துச்சு. குளிர் காலத்துல ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காத்து வறண்டுபோகுது, தொட்டித் தண்ணி மளமளன்னு ஆவியாகுது. ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு அப்படியே தங்கிரும். குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். இவருக்குக் கண்ணு தெரியாம, ஒருநாள் ஊத்தி ஒருநாள் விட்டு, சிலநேரம் உப்புத் தண்ணியையே ஊத்தியிருக்காரு. அவர் வச்சிருந்த முள்ளு ஆடுற பிளாஸ்டிக் அளவைக் கருவியில உப்புப் படிஞ்சு, அது எல்லாம் சரின்னே காட்டியிருக்கு. ரிஃப்ராக்டோமீட்டர்னு உப்பளவு பாக்குத கருவியை, 35ன்னு அளவு தெரிஞ்ச திரவத்துல வச்சுச் சரிபண்ணிட்டுப் பாத்தா, ஆயிரத்துக்கு 35 இருக்கவேண்டியது 40 கிட்ட நிக்கு. அதை ஒரேயடியா இறக்கினாலும் செத்துரும். ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, பல நாள் எடுத்து இறக்கினோம். குழாய்த் தண்ணி ஆகவே ஆகாது. அதுல கிருமியைக் கொல்லக் கலக்குத குளோரமின் இருக்கும், செம்பு கலந்திருந்தா இதுகளுக்கு விஷம்.

அடுத்தது எனக்கே ஆச்சரியம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ரெண்டுமே பூஜ்யம். பாசி பிடிக்கக் கூடாதுன்னு பாஸ்பேட்டை உறிஞ்சுத பொடியை நிறையப் போட்டு வச்சிருந்தாரு. தண்ணி பளிங்காத்தான் இருந்துச்சு, ஆனா கல் எலும்பு இல்லாத இந்த மென்பவளத்துக்கு அந்தச் சுத்தம் பட்டினி, அது ரெண்டும்தான் அதுக்குச் சத்து. சதைக்குள்ள குடியிருக்கிற பாசி வெளிச்சத்துல சமைச்சுப் போடுதுன்னாலும், அதுக்கும் கொஞ்சம் சத்து வேணும். பொடியில பாதியை எடுத்துட்டு, மீனுக்கு ஒரு பிடி கூடப் போட்டோம். அதுக்குப் பிறகு தண்ணியை வடிகட்டக் கரி போட்டோம். லெதர் கோரல் பக்கத்துப் பவளத்தை அண்ட விடாம ஒரு நஞ்சைத் தண்ணியில கசியவிடும், கரி அதைப் பிடிச்சுக்கிடும். ஒண்ணு மாத்தினா சில நாள் கை வைக்காம இருக்கணும், இல்லன்னா எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியாது. பெரியவருக்கு அந்தப் பொறுமைதான் கஷ்டம், அயோடின் பாட்டிலை நான் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்.

லெதர் கோரல் மேல இருந்த அந்த மெழுகுத் தோலு நோயே இல்ல. அப்பப்ப அது தோலை உரிக்கும், சில நாள் மூடிக் கிடக்கும். சதை கருத்து, குழைஞ்சு, நாத்தம் அடிச்சாத்தான் பயப்படணும். பம்பைத் திருப்பி நீரோட்டம் மேல படுற மாதிரி வச்சேன், தோலு தானா விலகி ஓடிருச்சு. ஜோவாவும் விரிஞ்சுட்டு. செனியா பிழைக்கல. அது கரைஞ்சுபோன அன்னைக்குப் பெரியவர் சாப்பிடல, எனக்கும் இறங்கல. ஜோவாவைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடாம இருக்க மாட்டேன், பயப்படாதே. அதுல சில சாதிக்கு ஆளைக் கொல்லுத நஞ்சு உண்டு.

வாரம் ஒருநாள் பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்த நான்தான் போறேன். வேண்டாம்னாலும் கையில ஏதோ திணிக்காரு, ராத்திரி சாப்பாடும் அங்கதான். அதனால இப்பல்லாம் தனியா சமைக்கிறது குறைவு.

தூத்துக்குடி ஆச்சி வீட்டுச் சுவர் ஞாபகம் இருக்கா? காரை பேந்த இடத்துல குழிகுழியா பூப்போட்ட கல்லு தெரியும், நாம விரலை விட்டு மண்ணை நோண்டுவோம். அது கடல்ல வெட்டின பவளக் கல்லுக்கா. இந்தத் தொட்டியில இருக்கிறதுக்குக் கல் எலும்பு கிடையாது, ஆச்சி வீட்டுச் சுவர்ல இருக்கிறது கல்லைக் கட்டுத சாதி. சுண்ணாம்புக்கும் சுவருக்குமா வெட்டி வெட்டி, நம்ம மன்னார் வளைகுடாவுல விலாங்குச்சல்லித் தீவு தண்ணிக்குள்ளயே போயிட்டு. நம்ம ஜில்லா ரெண்டாப் பிரிஞ்ச அதே 1986லதான் அந்த வளைகுடாவுல உள்ள 21 தீவையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கியிருக்காவ. கையெட்டுற தூரத்துல அவ்வளவு இருந்துச்சு, உயிரோட ஒண்ணைக்கூட நாம பாத்ததில்ல. ராக்கி மலைக்கு இந்தப் பக்கம், கடலே இல்லாத ஊருல வந்து நான் பாக்கேன்.

உப்புக் கலக்கும்போதெல்லாம் உவரி ஞாபகம் வந்துருது. வைகாசி விசாகத்துக்கு அப்பா ஓலைப்பெட்டியில கடல் மண்ணு சுமந்து வர, நாம ஈரத்துணியோட பின்னாலயே ஓடுவோமே. அக்கா, எனக்கு வரணும் போல இருக்கு. ஒரு நாளாவது அந்தக் கரையில நிக்கணும். அம்மைகிட்ட சொல்லாதே, அழுதுருவா.

சரி, ஆச்சி வீட்டை விக்கிற விஷயம். சித்தப்பா சொல்லுத விலைக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதே. முதல்ல வாரிசுச் சான்றிதழ்ல நம்ம ரெண்டு பேரு பேரும் சரியா இருக்கான்னு அத்தானைப் பாக்கச் சொல்லு. என் பங்குக்குப் பவர் எழுதணும்னா வான்கூவர்ல இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்பணும், அது அங்க வந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டியாகணும். அதனால நாள் குறிச்சப்புறம் சொல்லு, அப்ப அனுப்புதேன்.

அப்பா கண்ணு ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம். முருங்கை அறுப்பு முடியட்டும்னு சொல்லுவாவ, கேக்காதே. திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிட்டுப் போ. ஆபரேஷன் முடிஞ்சா குனிஞ்சு பாரம் தூக்க விடாதே, தோட்டத்துப் பக்கம் போனா தூசி படாமக் கண்ணாடி போட்டிருக்கணும், சொட்டு மருந்தை அம்மையை நம்பி விடாம நீயே விடு. இந்த மாசப் பணம் கொஞ்சம் குறைச்சலா வரும், மீதி அடுத்த மாசம் சேந்து வந்துரும். அதுல முதல்ல அப்பா செலவு, பிறகு கோயில் கொடை வரி. மைனிகிட்ட வாங்கினதை நான் தனியா அனுப்புதேன், அவகிட்ட நீ பேச வேண்டாம்.

உன் மகளுக்குக் கணக்குல மார்க்கு எவ்வளவுன்னு எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்துல எழுது.

உன் அன்புத் தம்பி