எங்கள் டீ-ஷர்ட்டை இனி எப்படித் தைக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் லேபிளில் வாங்கிய டீ-ஷர்ட் இரண்டு சலவையில் சுருங்கி, பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டதென்று ஏர்வாடி, மண்டபம் பக்கமிருந்து பலர் கொண்டுவந்து காட்டினீர்கள். லேபிள் எங்களுடையது, பொறுப்பும் எங்களுடையதுதான்.

இதுவரை துணி, தையல், பேக்கிங் எல்லாவற்றையும் திருப்பூரில் ஒரே யூனிட்டிடம் விட்டிருந்தோம். பீஸுக்கு இவ்வளவு என்று ஒரே விலை, நமக்கு அலைச்சல் இல்லை. ஆனால் சாம்பிளில் காட்டிய துணிதான் சரக்கிலும் வருகிறதா என்று தைக்கும் முன்னால் பார்க்க முடியாது. சாம்பிள் 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடை போட்டால் 1.8 கிராம் நிற்க வேண்டும். வந்த சரக்கில் 1.5தான் நின்றது. அதை நாங்கள் எடை போட்டதே பண்டல் கடையில் இறங்கிய பிறகுதான்.

இனி துணியை நாங்களே வாங்கி, தையலை மட்டும் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குத் தைக்கக் கொடுக்கிறோம். ரோல் வந்ததும் எடை பார்த்து, ஒரு துண்டில் அளவு குறித்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்கிறோம். பின்னல் துணி இழுபட்டுத்தான் ரோலில் சுற்றியிருக்கும். உடனே வெட்டினால் முதல் சலவையில் அந்த இழுப்பு விட்டுத் துணி சுருங்கிவிடும். அதனால் ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்ட பிறகே கட்டிங். கிலோவுக்கு ஏறக்குறைய நாலு பீஸ். வெட்டில் போகும் கழிவும் மிஞ்சும் துணியும் இனி எங்கள் கணக்கு.

கடலுக்குப் போகிறவர்கள் சொன்னதையும் சேர்த்திருக்கிறோம். உப்புக் காற்றில் பிரஸ் பட்டன் துருவேறிச் சட்டையில் கறை விடுகிறது. பிளாஸ்டிக் பட்டனுக்கு மாறிவிட்டோம். தையலுக்குப் பாலியஸ்டர் நூல். வெயிலில் நிற்பவர்களுக்கு முழுக்கை டீ-ஷர்ட்டும் வருகிறது. அதை அண்ணன்மார் நாலைந்து பேரிடம் போட்டுப் பார்க்கக் கொடுத்துவிட்டுத்தான் அளவை முடிவு செய்தோம்.

விலை 30 ரூபாய் கூடும். நிறங்களும் மூன்றுதான் இருக்கும், ஏனென்றால் சாயப்பட்டறையில் ஒரு நிறத்துக்கு இத்தனை கிலோ என்று குறைந்தபட்ச அளவு உண்டு. எங்களைப் போன்ற சின்னக் கடைக்குப் பத்து நிறம் கட்டாது.

சுருங்கிய பழைய பீஸ் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பில் வேண்டாம், லேபிள் இருந்தால் போதும்; புது லாட்டில் மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் துணிக்கடை, கீழக்கரை