வேல்ஸ் ஸ்கந்தவேல் கோயிலில் நிற்கும் மகளுக்கு

அன்புப் பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விடியற்காலைப் பூசைக்கு எழும்பித் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. அந்தப் பள்ளத்தாக்கின் குளிர் லண்டன் குளிர் மாதிரி இல்லை.

ஒரு மாதம் தொண்டு செய்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனாய். சித்தி வீட்டுக் கலியாணத்துக்கும் வரவில்லை. கேட்ட எல்லோருக்கும், கோயிலில் நிற்கிறாள் என்று பெருமையாகத்தான் சொன்னேன். "அது வெள்ளைக்காரர் நடத்துகிற இடமல்லோ" என்றா பெரியமாமி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1973இல் அதைத் தொடங்கிய குரு சுப்பிரமணியம் இலங்கையில் பிறந்தவர். கோயிலின் வள்ளி யானையும் இலங்கையிலிருந்து போனதுதான். சரி, அதை விடு. நாங்கள் கோச்சில் போய்க் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, பின்னேரமே திரும்புகிறவர்கள். மாட்டுக்கொட்டில் கூட்டுவதும் அண்டா கழுவுவதும் யார்? 2007இல், காசநோய் என்று கோயிலின் சம்போ காளையைக் கொல்லக் கொண்டுபோக பொலிஸ் வந்தபோது பாடிக்கொண்டு நின்றவர்கள் யார்? மாமிக்கு இதையெல்லாம் சொன்னேன். வாயே திறக்கவில்லை.

போனமுறை வந்தபோது ஒரு வெள்ளைக்காரச் சகோதரி முருகனுக்குப் பால் வார்த்ததைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அபிஷேகம் முடிந்ததும், குளித்து வந்த குழந்தையைத் துவட்டுகிற மாதிரி, காதுமடல், கழுத்துமடிப்பு எல்லாம் துடைத்துத்தான் பொட்டு வைத்தா. என்ன பக்தி என்று எனக்கு மெய்சிலிர்த்தது. எந்த ஊர் என்று கேட்கவில்லை. தாய் இருக்கிறாவா என்றும் கேட்கவில்லை. இப்போது இரவில் நித்திரை வராமல் கிடக்கும்போது அந்தத் தாயைத்தான் நினைக்கிறேன். சுவிஸிலோ எங்கேயோ, மகளின் அறையை அப்படியே வைத்திருப்பாவோ? வந்து பார்ப்பாவோ? பார்த்தால், கோயிலில் மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்பாவோ?

நீ நல்லாய்ச் சாப்பிடு. முழங்கால்வரை வருகிற கம்பளி சொக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த கோச்சில் நாங்கள் இரண்டுபேரும் வருகிறோம். கோயிலுக்கு வர மூன்று நாள் மச்சமாமிசம் விட்டால் போதும் என்றாலும் அப்பா இப்போதே விட்டுவிட்டார். தலையைக் காயவிட்டே வெளியே போ.

அந்தச் சகோதரியை எனக்குக் காட்டு, அவவோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். உன்னோடும் கதைக்க வேண்டும். அது போனில் வேண்டாம், நேரில் கதைப்போம்.

அம்மா