பெரியவனுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. போன ஞாயிறும் நீ கூப்பிடவில்லை, வேலை அதிகம் என்று நானே அவளிடம் சொல்லிச் சமாளிக்கிறேன். குரூப்பில் வந்த பேரன் பிறந்தநாள் படத்துக்குக் கீழே நான் ஒன்றும் போடவில்லை என்று உனக்கு வருத்தமோ என்னவோ.

அவன் கையில் இருந்த கறுப்பு ஏர்சாஃப்ட் துப்பாக்கி, அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் அந்தப் பொம்மைத் துப்பாக்கி, உன் மைத்துனர் வாங்கித் தந்ததாமே. அவரும் இருக்கிற குரூப்பில் நான் எதைச் சொல்ல? படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிறம் முனையில் தெரிகிறதா என்று பார்த்தேன், இல்லை. ஸ்டேஷனில் நிஜத் துப்பாக்கியைத் துடைத்து வைத்துப் பழகிய எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

நீ இருப்பது அமெரிக்காவில் கிளீவ்லாந்து. டமிர் ரைஸ் கதை உனக்குத் தெரியாமல் இருக்காது. 2014 நவம்பர் 22, 12 வயசுக் கறுப்பினப் பையன், அந்த ஊர்ப் பூங்காவில் இதே மாதிரி ஒரு துப்பாக்கி, ஆரஞ்சு முனை கழன்றுபோனது. அவசர எண் 911-க்குப் பேசியவர் அது பொம்மையாக இருக்கும், சின்னப் பையனாக இருக்கலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டும் ரோந்து வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. கண்ட்ரோல் ரூமில் விடுபட்டது ஒரு உயிர், தம்பி. வண்டியை நேரே அவன் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள், இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பிள்ளை செத்துப்போனான்.

நான் காக்கி போட்டவன், போலீஸ்காரன் பயமும் எனக்குத் தெரியும். ஆனால் வண்டியைத் தள்ளி நிறுத்தி, மறைவில் நின்று, மைக்கில் குரல் கொடுத்திருந்தால் நேரம் கிடைத்திருக்கும், நேரம் கிடைத்தால் முகம் தெரியும். சுடுவதா வேண்டாமா என்பது வண்டி எங்கே நிற்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. போலீஸ் பலத்தைப் பயன்படுத்தியது சரியா என்பதை, அங்கே நின்ற நியாயமான ஒரு போலீஸ்காரருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று வைத்துப் பார்க்க வேண்டும் என்று 1989-லேயே அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டமிர் விஷயத்தில் 2015-ல் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு, வழக்கு வேண்டாம் என்றது, அடுத்த வருஷம் நகராட்சி 60 லட்சம் டாலர் கொடுத்தது. பணத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வாள்?

டமிரை 20 வயசு ஆள் என்று நினைத்தார்களாம். நம்மவனும் உன்னைப் போல வளர்த்தி, 11 வயசுக்குப் பெரிய ஆளாக நிற்கிறான், போதாக்குறைக்கு நம் கறுத்த நிறமும். அவன் வளர்ந்து நிற்பதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை நினைத்துத்தான் தூக்கமும் வரமாட்டேன் என்கிறது.

அதை வெளியே கொண்டுபோக விடாதே. காரில் பின் சீட்டில் கிடக்கவும் விடாதே. நண்பன் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றாலும் கூடாது. அப்புறம் இதை நீயே உட்கார வைத்துச் சொல்: போலீஸ் கூப்பிட்டால் ஓடக்கூடாது, "பொம்மைதான்" என்று காட்டுவதற்காக இடுப்பில் கை வைக்கவே கூடாது, அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் கூடாது. 2013-ல் கலிஃபோர்னியா சாண்டா ரோசாவில் 13 வயசு ஆண்டி லோபஸ், பின்னாலிருந்து போலீஸ் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினான், அவ்வளவுதான், சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவன் கையில் இருந்ததும் பிளாஸ்டிக். அதற்கப்புறம்தான் அந்த மாநிலத்தில் இப்படிப்பட்டதெல்லாம் பளிச்சென்ற நிறத்திலோ பளிச்சென்ற அடையாளப் பட்டைகளோடோதான் விற்க வேண்டும் என்று 2016-ல் சட்டம் அமலுக்கு வந்தது. மைத்துனருக்கு மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று நீதான் பார்க்க வேண்டும், உனக்கு அந்தப் பக்குவம் உண்டு. ஆனால் வெளியே மட்டும் வேண்டாம்.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அதை என்ன செய்தாய் என்று எனக்குத் தனியாகப் போன் பண்ணு, இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அப்பா