பார்பரா ஜோர்டனுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

டெக்சாஸ் மாநிலத்தை அமெரிக்காவின் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்த திருத்தத்துக்கு 2025 ஆகஸ்ட் 6 அன்று ஐம்பது வயது நிறைந்தது. பெயர் அதற்கு மசோதா கொண்டுவந்த டெக்சாஸின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா ஜோர்டனுக்கு, பாடு பலருக்கு. அந்தப் பலருக்கும் தேர்தல் சட்டம் படிக்கும் எங்கள் வணக்கம்.

முதல் நன்றி, ஜோர்டனின் ஊரான ஹூஸ்டனின் கறுப்பினக் குடியிருப்புகளில் படியேறி இறங்கியவர்களுக்கு. 1960 தேர்தலுக்குத் தெருவுக்கு ஒருவர் என்று ஆள் பிரித்து ஜோர்டன் அமைத்த ஏற்பாடு நடந்தது உங்கள் கால்களால்தான். வாக்களிக்கும் உரிமைக்காகக் கட்ட வேண்டிய வாக்கு வரி 1.50 டாலர், சில இடங்களில் 1.75. பணத்தைவிடக் கொடுமை அதன் கெடு. நவம்பரில் நடக்கும் தேர்தலுக்கு ஜனவரி 31-க்குள் கட்டிவிட வேண்டும். களத்தில் யார் நிற்பார்கள் என்பதே தெளிவாகாத மாதத்தில் ஏழைகள் எதை நம்பிப் பணம் எடுத்துவைப்பார்கள்? 1966-இல் வரி ஒழிந்தது, கெடு ஒழியவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 31-க்குள் புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். 1971-இல் அதற்கும் நீதிமன்றம் முடிவு கட்டியது.

தொகுதி எல்லைகளை எதிர்த்து வழக்காடியவர்களுக்கு அடுத்த நன்றி. 1962-லும் 1964-லும் ஜோர்டன் மாநிலக் கீழவைக்கு நின்று தோற்றார். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டி (மாவட்டம்) முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் முறை அது. சொந்த வார்டு அள்ளிக் கொடுத்தாலும் கவுன்டி கணக்கில் அது கரைந்துபோகும். 'தலைக்கு ஒரு வாக்கு' என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1964-இல் வந்தது. தொகுதிகளை மறுபடி வரைந்தார்கள். 1966-இல் அவர் மாநில செனட்டர், 1883-க்குப் பிறகு அந்த அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். வேட்பாளர் அதே ஆள், வரைபடம்தான் வேறு.

1972-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வானவரை அதன் நீதிக் குழுவில் அமர்த்தக் கைகொடுத்த முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சனுக்கும் நன்றி. 1974-இல் அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் ஜோர்டன் ஆற்றிய உரையைப் பற்றி எழுதாதவர் இல்லை. எங்களுக்கு அதற்கு அடுத்த ஆண்டுதான் பெரிது.

1965 சட்டம் எழுத்தறிவுத் தேர்வு போன்ற 'சோதனை' வைத்த மாநிலங்களையே பிடித்தது. டெக்சாஸில் அந்தத் தேர்வு கிடையாது என்பதால் அது தப்பிவந்தது. 1975-இல் 'சோதனை' என்ற சொல்லின் பொருளை விரித்தார்கள். வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் ஒரே மொழிச் சிறுபான்மையினர் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தும், 1972 தேர்தலில் வாக்குச்சீட்டை ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்திருந்தால் அதுவும் சோதனைதான். அதோடு பதிவோ வாக்குப்பதிவோ 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாநிலம் மாட்டிக்கொள்ளும். டெக்சாஸ் மாட்டியது. நீதிக் குழுவின் துணைக்குழுவை நடத்திய டான் எட்வர்ட்ஸ், இதே நோக்கில் மசோதா கொண்டுவந்த எட்வர்ட் ராய்பல், ஹெர்மன் படில்லோ, சாட்சியம் சொன்ன வில்மா மார்ட்டினெஸ் நால்வருக்கும் கடன்பட்டிருக்கிறோம். டெக்சாஸ் ஆளுநர் பிரிஸ்கோ இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 1977-இல் வெறுங்கையோடு திரும்பினார்.

பேர் தெரியாத இன்னொரு கூட்டம் உண்டு: அமெரிக்கத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்கள். சட்டத்தில் மாட்டிய மாநிலம், 2013 வரை, வாக்குச்சாவடியை எதிர்த் தெருவுக்கு மாற்றினால்கூட வாஷிங்டனின் முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எந்தச் சட்டப்படி அனுப்பப்பட்டது என்று உறை மேலேயே எழுத வேண்டியிருந்தது. உள்ளே பழைய விதி, புதிய விதி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, மாற்றத்துக்கான காரணம், சிறுபான்மையினருக்கு என்ன ஆகும் என்ற குறிப்பு. தலைமை வழக்கறிஞருக்கு 60 நாள். அதற்குள் அவர் மறுக்காவிட்டால் மாற்றம் செல்லும். அங்கேதான் ஓட்டை: அரைகுறைக் கோப்பை யாரும் கவனிக்காமல் விட்டால் நாள் ஓடிவிடும். கூடுதல் விவரம் கேட்டு எழுதினால், பதில் வந்த பிறகு 60 நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்த விரல்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

2013-இல் உச்ச நீதிமன்றம் இந்த மாநிலங்களைப் பொறுக்கும் சூத்திரத்தைச் செல்லாது என்று அடித்துவிட்டது. அனுமதிப் பிரிவு ஏட்டில் இருக்கிறது, வேலை செய்யவில்லை. மொழிச் சிறுபான்மையினருக்கு அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு தரும் அதே சட்டத்தின் 203-ஆம் பிரிவு 2032 ஆகஸ்ட் வரை உண்டு. ஹூஸ்டனில் ஸ்பானியம், வியட்நாமியம், சீனம் மூன்றும் அதனால் கிடைத்தவை. தமிழ் அங்கே இல்லை. ஆங்கிலம் படிக்கவராத நம் பாட்டி குடியுரிமை பெற்றிருந்தால் 1982-இல் சேர்ந்த 208-ஆம் பிரிவு கைகொடுக்கும்: மகளையோ பேரனையோ துணைக்கு அழைத்துப் போகலாம். முதலாளியும் அவர் ஆளும், தொழிற்சங்க அலுவலரும் சங்கத்தின் ஆளும் மட்டும் கூடாது. டெக்சாஸில் துணை வருபவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்காக வரிசையில் நேரம் ஒதுக்கிக் காத்திருக்கும் மகள்களுக்கும் பேரன்களுக்கும் இம்மடலின் கடைசி நன்றி.

இப்படிக்கு,
தேர்தல் சட்டம் படிப்போர் சிலர்