மூன்று மலைக்கு நடுவில் இருக்கிற சாலைகளையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மலைச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் 18 வளைவுகள், லோயர் கேம்ப்பிலிருந்து மின் நிலையத்தின் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே ஏறும் குமுளி மலைச்சாலை, மூன்றையும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவில் கிடக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு வரிதான். அதுவும் கீழே வண்டிகள் அதிகம், சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கடந்துவிடுங்கள் என்று. நான் உத்தமபாளையத்துக்காரன், பதினோரு வருடமாக வாரத்தில் மூன்று நாளாவது இந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதிக்கிறேன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் சொன்னது தேனியிலிருந்து குமுளி போகிற தேசிய நெடுஞ்சாலை 183க்குச் சரி. லாரியும் பஸ்ஸும் கேரளா போகிற வேன்களும் ஓயாத சாலை அது, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். அதில் சைக்கிள் விட வேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் பள்ளத்தாக்கில் அது ஒன்று மட்டுமா சாலை? மேற்கே மலையடிவாரத்தை ஒட்டி ஒரு சாலை போகிறது, கிழக்கே திராட்சைத் தோட்டங்களுக்குள் சாலைகள் இருக்கின்றன, ஆற்றுப் பக்கம் வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ஊர்ச்சாலைகள் எத்தனையோ. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இவை கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் இவற்றில் ஏறி நின்று படம் எடுக்க வளைவு கிடையாது.

மேற்குச் சாலையை மட்டுமாவது கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்தில் கிளம்பினால் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், ராசிங்காபுரம், சிலமலை, அப்புறம் போடி. முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். இடது கைப் பக்கம் மலை கூடவே வரும், கோம்பையைத் தாண்டும்போது தலைக்கு மேலே ராமக்கல்மேடு என்கிற பாறை உச்சி. காலை வெயில் கிழக்கிலிருந்து நேராக அந்தப் பாறை முகத்தில் விழுகிறபோது ஒவ்வொரு வெடிப்பும் தெரியும், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் மலையின் நிழல் சாலையை மூடிவிடும், அதனால் சித்திரை வைகாசியில்கூட மாலையில் வெயிலுக்குப் பயப்படாமல் மிதிக்கலாம். பெரிய ஏற்றம் கிடையாது, ஓடைகள் குறுக்கிடுகிற இடங்களில் இறங்கி ஏறுகிற சின்னச் சின்ன மேடுகள்தான். பதினெட்டாம் கால்வாய் என்கிற பாசனக் கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிற நாட்களில் அதன் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கால் நனைக்காமல் நான் வீடு திரும்பியதில்லை.

பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த ஊர் இன்னொரு காரணத்துக்காகவும் நெஞ்சில் நிற்கிறது. புதிதாக கியர் சைக்கிள் வாங்கிய வருடம், ஊர் எல்லையில் வேலமுள் ஏறிப் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனால் ஒரு பழைய சைக்கிள் கடை, வாசலில் பாதி வெட்டின தார் டிரம்மில் தண்ணீர். கடைக்காரப் பெரியவர் ட்யூபை உருவித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயும்வரை வாயால் ஊதிக்கொண்டே இருந்தார். ஒட்டுப் போட்டாயிற்று. காற்றடிக்கப் போனால் பம்பு வாய் பொருந்தவில்லை. என்னுடையது பிரெஸ்டா வால்வு, மெல்லியது. "இந்த வாலுக்கு நம்மகிட்ட பம்பு இல்லையேப்பா" என்றவர் ஒரு நிமிடம் யோசித்தார். பழைய ட்யூபிலிருந்து ஒரு நாடா வெட்டி வால்வைச் சுற்றி இறுக்கிச் சுற்றினார், அதன் மேல் பம்பு வாயை வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், பேரனைக் காற்றடிக்கச் சொன்னார். ஏறியது. "ஒட்டுக்கு மட்டும் குடு தம்பி, காத்துக்கு எதுக்குக் காசு" என்றார். அன்றிலிருந்து பிரெஸ்டா வால்வுக்கான பித்தளை அடாப்டர் ஒன்று என் பையில் இருக்கிறது, வருகிறவர்களும் கட்டாயம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் இந்தப் பக்கத்தில் எந்த ஊர்க் கடையிலும் காற்று பிடிக்கலாம்.

ஆற்றுப் பக்கம் போக வேண்டுமென்றால் சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை, குச்சனூர், பாலார்பட்டி, உப்புக்கோட்டை என்று போகலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் வரும். மற்ற நாளில் இந்தப் பாதையில் இரண்டு பக்கமும் நெல்தான். பெரியாறு அணையில் தண்ணீர் இருக்கிற வருடம் ஜூன் 1ஆம் தேதி முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள், பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. 1895இல் அந்த அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15, அன்றைக்கு பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த ஊர்த் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால்தான், மலைக்கு அந்தப் பக்கம் ஓடின தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது இவர்களுக்கு என்ன கொடுத்தது என்று புரியும். காரில் கடந்து போகிறவருக்கு எப்படிப் புரியும்?

கிழக்குப் பக்கம் பந்தல் பந்தலாகத் திராட்சை. ராயப்பன்பட்டிப் பக்கமும், கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி வழியாகச் சுருளி அருவிக்குப் போகிற பக்கமும் கல்தூண்களும் கம்பிகளும் சாலை ஓரம் வரை வந்து நிற்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும், பந்தலுக்கடியிலேயே தராசு வைத்துக் கொடுப்பார்கள். மருந்து அடிக்கிற காலை நேரத்தில் மட்டும் மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை வேண்டும். அதே போல அடிவாரத்தில் விடிவதற்கு முன் மிதிக்காதீர்கள். அரிக்கொம்பன் யானை 2023 மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டு, பிறகு சண்முகாநதி அணைப் பக்கம் நாள்கணக்கில் திரிந்ததை நாங்கள் மறக்கவில்லை.

காற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லையே என்பது எனக்கு ஆச்சரியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து மலை இடுக்கு வழியாக இறங்குகிற காற்று இங்கே சைக்கிளைப் பிடித்துத் தள்ளும். அந்த மாதங்களில் போடியிலிருந்து உத்தமபாளையம் வருவது ஏற்றமில்லாத ஏற்றம், சமதரையில் சின்ன கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். எதிர்த்திசையில் போனால் காற்றே கொண்டுபோய் விடும். ஆடியில் வருகிறவர்கள் உத்தமபாளையத்தில் தொடங்கி போடியில் முடியுங்கள், சாரலும் சேர்ந்து கிடைக்கும்.

நல்லதை மட்டும் சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். மேற்குச் சாலை அமைதியாக இருப்பது காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைதான். அதற்கு முன் காலை ஐந்தரையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கிப் பக்கம் பறக்கும், சாயங்காலம் நாலு மணி முதல் அதே வேகத்தில் திரும்பும். போன வருடம் தேவாரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஜீப் என்னை ஒட்டி முந்தியதில் சாலையைவிட்டு இறங்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். எனக்குத் தோல்தான் போனது, ஆனால் அந்த ஜீப்பில் ஒருவர் மடிமேல் ஒருவராக நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தை நான் பார்த்தேன். தினமும் இரண்டு வேளை அந்த வேகத்தில் போய்வருகிறவர்கள் அவர்கள். ஜீப்புகளின் வேகத்தையும் ஏற்றுகிற ஆட்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று உங்கள் இதழ் எழுத வேண்டும், சைக்கிள்காரர்களுக்காகக் கேட்பதைவிட அவர்களுக்காகக் கேளுங்கள்.

வருகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அறுவடை சமயத்தில் ஊர்ச்சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லோ மக்காச்சோளமோ காயும். அதன் மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற பாட்டி நாலு மாத உழைப்புக்குக் காவல் இருக்கிறார். நாய் துரத்தினாலும் இறங்கி நில்லுங்கள், பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

இன்னொரு கவலையும் உண்டு. நெடுஞ்சாலையில் நான் சின்ன வயதில் பார்த்த புளியமரங்களில் முக்கால்வாசி இப்போது இல்லை. அடிவாரச் சாலையையும் அகலப்படுத்தலாமே என்ற பேச்சு டீக்கடையில் அவ்வப்போது கேட்கிறது. குழியை மூடட்டும், ஓரத்தில் வெள்ளைக்கோடு போடட்டும், பாலங்களில் உடைந்த கைப்பிடிச் சுவரைக் கட்டட்டும், அதற்கு மேல் இந்தச் சாலைக்கு ஒன்றும் வேண்டாம். அகலம் வந்தால் வேகம் வரும், மரம் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தச் சாலையில்தான் இன்றைக்கும் சைக்கிளில் போகிறார்கள்.

2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்ப வந்துவிட்டது. சைக்கிளைப் பார்சலில் போட்டுக்கொண்டு வந்து, ஸ்டேஷனில் இறக்கி, சிலமலைப் பக்கம் திருப்பினால் போதும், காரே வேண்டாம். உங்கள் கட்டுரையாளர் ஐப்பசியில் ஒரு முறை அப்படி வரட்டும். காற்று ஓய்ந்திருக்கும், மழை பெய்து மலையில் வெள்ளிக் கோடுகளாகத் தண்ணீர் இறங்கும். முன்கூட்டி ஒரு வரி எழுதினால் போடி ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அடாப்டரும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்.