பூச்செடிப் பட்டியலை மாற்றுங்கள்: நம் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முன்வாசல் தோட்டத்தையும் மொட்டைமாடித் தொட்டிகளையும் புதுப்பிக்கப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தேன். பெட்டூனியா, ரோஜா, சாமந்தி, நடுவில் கொரியன் புல். எல்லாம் அழகானவைதான். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றாமல் இவற்றில் ஒன்றுகூடச் சென்னையின் மே மாதத்தைத் தாண்டாது. புல்லுக்கு மட்டுமே ஒரு சதுர மீட்டருக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? லாரியில்தான் வரும்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இத்தனைக்கும் நம் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்புறம் மே வரை வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். அந்த மாதங்களில் வெயிலில் நின்று பூக்கிற செடிதான் நமக்கு வேண்டும். அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன, பெரும்பாலும் விலையும் குறைவு.

மொட்டைமாடிக்குக் காகிதப்பூவை முதலில் வையுங்கள். ஒரு கொத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். சிவப்பும் ஊதாவுமாகத் தெரிபவை இதழ்களே அல்ல, பூவைச் சுற்றி நிற்கும் இலைகள். அவற்றின் நடுவே மெல்லிய குழலாக, நுனியில் வெள்ளையாக விரிந்திருப்பதுதான் பூ. நிறம் தருவது இலை என்பதால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. தினமும் தண்ணீர் விட்டால் கொம்பும் இலையுமாகத் தழைக்கும், பூ வராது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் புதுத் தளிரில் அடுத்த சுற்றுப் பூ வரும். பராமரிப்பு என்றால் இவ்வளவுதான்.

அடுத்தது நித்தியகல்யாணி. பி பிளாக் பின்சுவரில், மோட்டார் அறைக்குப் பக்கத்து விரிசலில் ஒன்று தானாக முளைத்திருக்கிறது. அங்கே ஒரு பிடி மண்கூட இல்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. ஆனாலும் ஏப்ரலில் ரோஸ் நிறத்தில் பூத்துக்கொண்டிருந்தது. சுடுகாட்டுப் பூ என்று சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். கவனிக்க ஆளில்லாத இடத்திலும் பிழைக்கும் என்பதால்தான் அதை அங்கே வைத்திருப்பார்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்தும் இந்தச் செடியிலிருந்து கிடைத்ததுதான். தென்மாவட்டங்களில் மழையை மட்டும் நம்பி மானாவாரியாகவே இதைப் பயிரிடுகிறார்கள். தயக்கத்தை விட்டுவிட்டு நடைபாதை ஓரம் முழுக்க வைக்கலாம். ஒரு வேண்டுகோள், தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், வேர் அழுகிவிடும்.

அகலமான ஆழமில்லாத தொட்டிகளுக்கு டேபிள் ரோஸ். ஒரு துண்டைக் கிள்ளி நட்டாலே போதும். வேலி ஓரத்துக்கு ஆவாரை, தங்க அரளி (டெகோமா). கம்பியில் ஏற்றிவிடச் சங்குப்பூ. இட்லிப்பூ வேரூன்றிய பிறகும் கோடையில் அவ்வப்போது தண்ணீர் கேட்கும். உன்னிச்செடி மட்டும் வேண்டவே வேண்டாம். வறட்சியை நன்றாகத் தாங்கும்தான், ஆனால் முதுமலைக் காட்டில் அது பரவி மற்ற செடிகளை நெருக்கிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

அரளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை நடுவே வரிசையாக நிற்பது அதுதான். வெயில், புகை இரண்டையும் தாங்கும், மாடும் மேயாது. நம் போர் தண்ணீரின் உப்பையும் தாங்கும். ஆனால் இலை, பூ, விதை எல்லாமே விஷம். அதனால் சாலையோர மதிலுக்கு அந்தப் பக்கம் வையுங்கள், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். பாலைவன ரோஜா என்கிற அடினியத்தின் பாலும் விஷம்தான், அது மாடியிலேயே இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதை மழை படாத இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். பருத்த அடித்தண்டை விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

செடியைச் சரியாகத் தேர்ந்துவிட்டு மண்ணில் கோட்டை விடக் கூடாது. வெறும் களிமண்ணோ, முழுக்கத் தென்னை நார்க்கழிவோ வேண்டாம். செம்மண், மணல், மக்கிய உரம் கலந்து, அடியில் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதித்து வேரை வேகவைத்துவிடும். மண் தொட்டியோ வெளிர் நிறத் தொட்டியோ வாங்குங்கள். நாம் கூட்டித் தள்ளி எரிக்கிற காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டால் ஈரம் இன்னும் சில நாள் நிற்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, பிடித்து ஊற்றலாம். ஆர்ஓ கழிவு நீரில் உப்பு அதிகம். அதைத் தொட்டிக்கு விட்டுக்கொண்டே இருந்தால் விளிம்பில் வெள்ளை பூத்துவிடும். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தயவுசெய்து இப்போதே நட வேண்டாம். வறட்சியைத் தாங்கும் செடிக்கும் முதல் சில வாரங்கள் ஈரம் தேவை. செப்டம்பர் கடைசியில் நட்டால் அதை மழையே பார்த்துக்கொள்ளும், கோடைக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொரியன் புல்லையாவது உடனே கைவிடுங்கள். காகிதப்பூக் குச்சியும் டேபிள் ரோஸ் துண்டுகளும் என் வீட்டிலிருந்தே தருகிறேன். மற்ற வீடுகளிலும் கேட்டு வாங்கி நாற்று போட்டு வைக்கவும் தயார். மாடியில் நிழல் விழும் ஓர் ஓரத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக்கில் குடியிருக்கும் சங்க உறுப்பினர்