சுவருக்குள் ஓர் உறுமல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஹால் ஃபேன் கொஞ்ச நாளாக 'ம்ம்' என்று உறுமுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வருகிறேன். அதற்குமுன் இங்கே இரண்டு வாரம் என்னைத் தூங்கவிடாத ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் தெரிந்துகொண்டதுதான் உங்கள் ஃபேனுக்கும் உதவப் போகிறது.

குளிருக்காக இங்கே ஜன்னல்களெல்லாம் இரட்டைக் கண்ணாடி. மூடிவிட்டால் தெருச் சத்தம் துளியும் உள்ளே வராது. வந்த புதிதில் அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகிய பிறகுதான், படுக்கையறைச் சுவருக்குள்ளிருந்து ஒரு மெல்லிய உறுமல் விடிய விடியக் கேட்பதைக் கவனித்தேன்.

ஃபிரிஜாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஃபிரிஜ் விட்டுவிட்டு ஓடும், இது ஓயவே இல்லை. பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று, சத்தம் நிற்கவில்லை. நம் வீட்டு ஸ்டெபிலைசரைக் கேட்டு வளர்ந்தவள் நான். இதுவும் அந்த மாதிரிச் சத்தம்தான், சுருதி மட்டும் கொஞ்சம் தூக்கல். அது ஏன் என்று தேடிப் படித்தேன். ஸ்டெபிலைசர் மாதிரிப் பெட்டிகளுக்குள் வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதில் இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தமாகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்குமாம். கரண்ட் ஒரு சுற்று வருவதற்குள் இது இரண்டு தடவை நடக்கும். அங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று, அதனால் உறுமல் 100. இங்கே 60, அதனால் 120. நூறை 'ஸ' என்று வைத்துக்கொண்டால் நூற்றிருபது 'க', அதுவும் சாதாரண காந்தாரம்! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் உங்கள் தம்பூரா நினைவு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் சுவரில் காதை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

போனில் அதிர்வெண் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுச் சுவரருகே பிடித்தேன். சரியாக 120-இல் கோடு எழுந்தது. கரண்ட் சத்தம்தான், சந்தேகமில்லை. சரி, எந்த லைன்? ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஏழாவதை இறக்கிய நொடியில் வீடு நிசப்தமானது. அந்த லைனைப் பிடித்துக்கொண்டு போனால், படுக்கையறைக்குப் பின்னால் உள்ள அலமாரியில், அழைப்பு மணிக்கான குட்டி டிரான்ஸ்ஃபார்மர். யாரும் மணி அடிக்காவிட்டாலும் இரவும் பகலும் 120 வோல்ட்டை 16 ஆக இறக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்திருந்த ஸ்குரு தளர்ந்து, அதிர்வு முழுவதும் பலகைச் சுவருக்கு ஏறியிருக்கிறது. வீணைக்குக் குடம் எப்படியோ, அப்படி. பிரேக்கரை இறக்கி, கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் பார்த்துவிட்டு, ரப்பர் வாஷர் கொடுத்து முறுக்கினேன். கிட்டே போனால் இன்னும் லேசாகக் கேட்கிறது, அது டிரான்ஸ்ஃபார்மரின் இயல்பு. படுக்கைக்கு வருவதில்லை.

இப்போது உங்கள் ஃபேன். அது உறுமும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். அணைத்த நொடியே உறுமல் நின்றால் கரண்ட் சம்பந்தப்பட்டது. இறக்கை சுற்றி நிற்கும்வரை கூடவே வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேயோ ஸ்குரு தளர்ந்திருக்கலாம். அடுத்து ரெகுலேட்டர். ஐந்தில் அமைதியாகவும் இரண்டு, மூன்றில் உறுமலாகவும் இருந்தால் ஃபேனைக் குறை சொல்லாதீர்கள். திருகத் திருக வேகம் மாறும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் கரண்ட் அலையைப் பாதியில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. வெட்டுப்பட்ட அலை ஃபேனுக்குள் இருக்கும் கம்பிச் சுருளை உலுக்குகிறது. படிப்படியாக மாறும் கெபாசிட்டர் ரெகுலேட்டர் அப்படி வெட்டுவதில்லை, அதை மாட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்டூலில் ஏற வேண்டாம், எலக்ட்ரீஷியன் வரட்டும்.

ஒன்றே ஒன்று அப்பா. ஸ்விட்ச் போர்டில் என்றைக்காவது பொரிவது மாதிரி 'சடசட' என்று கேட்டால் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். உள்ளே ஒயர் தளர்ந்து தீப்பொறி பறக்கலாம், சூடேறித் தீப்பிடிக்கும். உடனே மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபேன் உறுமுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், நூறில் கோடு எழுகிறதா என்று பார்க்கிறேன். நம் வீட்டுச் சத்தத்தைக் கேட்டு ஏழு மாதமாகிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்